ஒரு கார் முன்னால் போகட்டும், இன்னொன்று கடைசி வரை இருக்கட்டும்

நீங்கள் கேட்டது இது: கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார். நார்த் கரோலினாவிலிருந்து ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் 3 ஆண்டுகளுக்கு மாற்றல். வீட்டில் இரண்டு கார். ஒன்று 2019 டொயோட்டா ஹைலேண்டர், கடன் இன்னும் பாக்கி. இன்னொன்று கடன் தீர்ந்த பழைய ஹோண்டா சிவிக், கல்யாணமான புதிதில் வாங்கியது. எதை அனுப்புவது, எதை விற்பது, நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒன்றை விட்டுவிட்டுப் போகலாமா?

என் கணவர் மவ்னி திட்டத்தில் சேர்ந்தவர். குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகப் படையில் எடுத்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அவரோடு ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போய் வந்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஹைலேண்டரை அரசுச் செலவில் அனுப்புங்கள். சிவிக்கை விற்றுவிடுங்கள், ஆனால் கடைசி வாரத்தில் விற்றால் போதும். அண்ணன் வீட்டில் விடவே வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அரசு என்ன தருகிறது என்று பார்ப்போம். வெளிநாட்டு மாற்றலுக்கு ஒரு படைவீரருக்கு ஒரு வண்டி, அவ்வளவுதான். கணவன் மனைவி இருவருமே படையில் இருந்தால் ஆளுக்கு ஒன்று. வண்டியின் அளவு 20 கப்பல் டன்னுக்குள், அதாவது 800 கன அடிக்குள் இருக்க வேண்டும். இது எடைக் கணக்கு இல்லை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி வரும் இடக் கணக்கு. உங்கள் ஹைலேண்டர் ஏறத்தாழ 575 கன அடிதான் வரும், கவலையில்லை. பெரிய பிக்கப் வைத்திருப்பவர்கள்தான் டேப் எடுத்து அளக்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் கூடுதல் செலவு அவர்கள் தலையில். இரண்டாவது காரையும் கொண்டுபோக வேண்டுமென்றால் முழுச் செலவும் உங்களுடையது. பழைய சிவிக்குக்கு அது கட்டுப்படியாகாது.

ஊரைப் பொறுத்து இந்தக் கணக்கே மாறிவிடும். அதனால்தான் ஜப்பான் போனவரின் யோசனையை ஜெர்மனி போகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானுக்கு 1976க்குப் பிந்தைய வண்டிகளை அனுப்பவே வழியில்லை. அங்கே போகிறவர்களுக்கு அதற்குப் பதிலாக ஒரு காரை அரசே அமெரிக்காவில் பாதுகாத்து வைக்கும். நாங்கள் அப்படித்தான் வைத்தோம். அங்கே போய், ஊர் திரும்பும் குடும்பத்திடமிருந்து வலதுபக்க ஸ்டீயரிங் வைத்த சின்ன கார் ஒன்றை வாங்கி ஓட்டினோம். கொரியாவில் யாருக்கு வண்டி அனுமதி என்பதற்கே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஹவாய் அமெரிக்க மாநிலமே என்றாலும் கணக்கில் கடல் கடந்த மாற்றல்தான், வண்டி கப்பலில் போகும். ஜெர்மனியில் உங்கள் அமெரிக்கக் காரை அப்படியே ஓட்டலாம், ஸ்டீயரிங்கும் அதே இடது பக்கம். அனுப்ப அனுமதி இருக்கும் நாடு என்பதால், அனுப்பாமல் அரசுச் செலவில் நிறுத்தி வைக்கிறேன் என்று பொதுவாகக் கேட்க முடியாது.

சரி, ஏன் ஹைலேண்டர்?

பலர் எதிர்மாறாகச் சொல்வார்கள். ஜெர்மன் தெருக்கள் குறுகல், பெரிய கார் தொல்லை என்பார்கள். தொல்லைதான், நான் மறுக்கவில்லை. பழைய அடுக்குமாடி பார்க்கிங்கில் ஒரு காருக்கான இடம் பெரும்பாலும் 2.3 மீட்டர் அகலம்தான். உங்கள் வண்டி கண்ணாடி இல்லாமலே 1.93 மீட்டருக்குப் பக்கம். ஆட்டோபான் எனும் விரைவுச் சாலைகளில் வேலை நடக்கும் இடங்களில் இடது தடத்தில் 2 அல்லது 2.1 மீட்டர் என்று அகல வரம்பு போட்டிருப்பார்கள். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. எனவே நீங்கள் லாரிகளோடு வலது தடத்தில்தான் போக வேண்டும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஆனால் காசுக் கணக்கைப் பாருங்கள். கடன் பாக்கியுள்ள காரை அவசரத்தில் விற்றால், விற்கும் விலை கடனை அடைக்கவே போதாமல் போகலாம். மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பியதும் குடும்பத்துக்கு ஏற்ற கார் ஒன்றை மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டும். அனுப்பினால், போகும்போதும் வரும்போதும் அரசுச் செலவு; அமெரிக்கத் தரத்தில் செய்த வண்டி என்பதால் திரும்பி வரும்போது இறக்குமதிச் சிக்கலும் இல்லை. ஜெர்மனியில் ஆசைப்பட்டு அந்த ஊர்த் தரத்திலான கார் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அமெரிக்கத் தரத்துக்குச் செய்யப்படாத வண்டி 25 வயது ஆகாமல் சுலபமாக அமெரிக்காவுக்குள் வராது. இழந்தால் அதிகம் வலிக்கும் காரை அரசு சுமக்கட்டும். விற்பதற்குச் சுலபமான காரை நீங்கள் விற்றுவிடுங்கள்.

பெட்ரோல் செலவு பற்றிப் பயப்பட வேண்டாம். ஜெர்மனியில் நம்மைப் போன்ற ராணுவக் குடும்பங்களுக்கு மாத ஒதுக்கீட்டில் எரிபொருள் அட்டை கிடைக்கும். முகாமின் பெட்ரோல் நிலையங்களிலும் வெளியே எஸ்ஸோ நிலையங்களிலும் அது செல்லும், உள்ளூர்க்காரர்கள் கொடுக்கும் வரி இல்லாமல். ஆனால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். உங்கள் வி6 எஞ்சின் வண்டி அங்கே விற்கப்பட்ட மாடல் இல்லை. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், வைப்பர் ஆகியவற்றை இங்கேயே வாங்கி வீட்டுச் சாமானோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது கடன் விஷயம். எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடன் பாக்கி இருக்கும் வரை கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அந்தக் காரின் மீது உரிமை உண்டு. அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் காரைக் கப்பலேற்ற வாங்க மாட்டார்கள். சில நிறுவனங்கள் கேட்டதும் தரும். சில, வண்டி நாட்டை விட்டுப் போகவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும். எங்கள் இரண்டாவது மாற்றலில் நாங்கள் கடன் வாங்கியிருந்த இடத்திலிருந்து கடிதம் வர 3 வாரம் ஆனது. வந்த கடிதத்தில் வண்டியின் அடையாள எண்ணான விஐஎன் எண்ணில் ஒரு எழுத்து தப்பு. திருத்திய கடிதம் வருவதற்குள் ஒப்படைக்கக் குறித்திருந்த நாள் போய்விட்டது. ஜெர்மனியில் காரில்லாமல் இருந்த நாட்கள் அதனால் நீண்டன. கைக்குழந்தையோடு பனியில் பஸ் நிறுத்தத்தில் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. கடிதம் கையில் கிடைத்ததும் அதிலுள்ள எண்ணை டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தோடும் முன்கண்ணாடிக்குக் கீழே பொறித்திருக்கும் எண்ணோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் மறுத்துவிட்டால், ராணுவக் குடும்பங்களோடு பழகிய கூட்டுறவு வங்கி ஒன்றில் கடனை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். அதற்கும் நாள் பிடிக்கும்.

உங்களுடையது கடன், லீஸ் இல்லை. இருந்தாலும் அதே மாற்றல் உத்தரவு, அதாவது ஆர்டர், வாங்கியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயன்படும் என்பதால் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வெளிநாட்டுக்கு மாற்றல் வந்தால் லீஸ் காரைத் தண்டக் கட்டணம் இல்லாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமை, படைவீரர் நிவாரணச் சட்டமான எஸ்சிஆர்ஏ-வில் இருக்கிறது. ஆர்டரின் நகலோடு எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, 15 நாளுக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஓட்டிய தூரம் மிகுந்துவிட்டாலோ வண்டிக்குச் சேதம் இருந்தாலோ அதற்கு மட்டும் கேட்பார்கள்.

அடுத்து, தலைப்பில் சொன்ன வரிசை. இரண்டு கார் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். கார் கப்பலில் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும். விமானம் ஏறும் வாரத்தில் காரை ஒப்படைத்தால், அங்கே இறங்கிய பிறகு அத்தனை வாரமும் வாடகைக் கார்தான், அல்லது மற்றவர்களின் தயவுதான். வீடு தேடுவது, பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைப் பதிவு எல்லாம் அந்த வாரங்களில்தான் வரும். அதனால் ஆர்டர் கையில் வந்ததும் ஹைலேண்டரை முன்கூட்டி, 5 அல்லது 6 வாரம் முன்னதாகவே ஒப்படைத்துவிடுங்கள். மிச்ச நாட்களுக்குச் சிவிக் ஓடட்டும். நீங்கள் போய் இறங்கும்போது பெரிய கார் கரை சேர்ந்திருக்கும், அல்லது சேரும் தறுவாயில் இருக்கும். உங்களுக்கு முன்பே அது போய்விட்டால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: எழுதி வந்த ஆர்டர் இல்லாமல் எதையும் விற்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். வாய்வார்த்தையாகச் சொன்ன மாற்றல் ரத்தான கதைகள் நிறைய உண்டு.

காரை ஒப்படைக்கும் வாகன மையத்தை எல்லோரும் விபிசி என்பார்கள். நார்ஃபோக் போன்ற ஊர்களில் இருக்கிறது. இந்த வண்டி அனுப்பும் வேலைக்கான பிசிஎஸ்மைபிஓவி இணையதளத்தில் உங்களுக்குப் பக்கத்தில் எது என்று பார்த்து நாள் குறித்துக்கொள்ளலாம். அங்கே ஓட்டிக்கொண்டு போகும் தூரத்துக்குப் பயணப்படி கேட்க முடியும், ரசீதுகளை வைத்திருங்கள். டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் பிடிக்க வேண்டும், எண்ணெய் ஒழுகக் கூடாது. தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பாதுகாப்புக் குறைபாடு ஏதாவது சரிசெய்யாமல் இருந்தால் வண்டியை வாங்கவே மாட்டார்கள். எனவே சாலைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவின் தளத்தில் விஐஎன் எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள். டீலரிடம் அந்த வேலை இலவசம்தான், ஆனால் உதிரிபாகம் வர நாளாகலாம்.

வண்டி உள்ளும் வெளியும் அடியும் சுத்தமாக இருக்க வேண்டும். மண்ணும் விதையும் பூச்சியும் கடல் கடந்து போகக் கூடாது என்பதற்கான விதி இது. நம் வீட்டுக் கார்களில் இதற்குத் தனிக் கவனம் தேவை. சீட் இடுக்கில் சிந்திய அரிசி, ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலை, கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை மிளகாய், டேஷ்போர்டில் கொட்டிய விபூதி குங்குமம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நன்றாக வாக்குவம் செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, குழந்தை சீட் போன்றவை இருக்கலாம், வீட்டுச் சாமான் கூடாது. டேஷ்போர்டுப் பிள்ளையாரைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே கார் கிடைத்ததும் முதலில் அவரை வைக்கலாம்.

படம் எடுப்பதில் சோம்பல் வேண்டாம். கழுவி முடித்த காரைப் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும், கூரை, சக்கரம், உள்பக்கம், ஓடிய மைல் எல்லாம் தேதியோடு எடுங்கள். ஒப்படைக்கும்போது அவர்கள் எழுதும் படிவத்தில் இல்லாத கீறலை எழுதியிருந்தால் அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள். ஜெர்மனியில் காரை எடுக்கும்போது அவசரப்படாமல் சுற்றிப் பார்த்து, சேதம் இருந்தால் அந்த இடத்திலேயே படிவத்தில் எழுத வையுங்கள். வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகு கண்டுபிடித்த கீறலை நிரூபிப்பது மிகவும் கடினம். குறித்த தேதிக்குக் கார் வந்து சேராவிட்டால் வாடகைக் கார் செலவில் ஒரு பகுதியைக் கேட்டுப் பெறவும் வழி உண்டு.

ஜெர்மனியில் என்ன ஆகும்? அங்கே ஓட்ட, ராணுவம் தரும் தனி உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வு இருக்கிறது. சாலைக் குறிகளை இப்போதே படியுங்கள், குறிப்பாக வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை என்ற விதி. அமெரிக்காவில் ஓட்டிப் பழகியவர்கள் அதில்தான் தடுமாறுவார்கள். உங்கள் மாநில உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். வண்டிக்குப் பரிசோதனை உண்டு: முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் இங்கேயே உரித்துவிடுங்கள், அடிப்பாகத் துருவையும் பார்ப்பார்கள். எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேலாடை மூன்றும் காரில் இருந்தாக வேண்டும். பனிக்கால டயர் இல்லாமல் உறைபனியில் ஓட்டினால் அபராதம். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்று அந்த ஊர்க்காரர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். இன்ஷூரன்ஸுக்குச் சில அமெரிக்க நிறுவனங்கள் அங்கேயும் பாலிசி தருகின்றன. கிளம்பும் முன் இப்போதைய நிறுவனத்திடம், இத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டினோம் என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பிரீமியம் குறைய அது உதவும்.

இனி சிவிக். எனக்குப் புரிகிறது, அந்தக் காரை விற்க மனசு வராது. புது ஊரில் முதன்முதலாக நம் சம்பாத்தியத்தில் வாங்கியது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது, முதல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. எங்களுக்கும் அப்படி ஒரு கார் இருந்தது. மாமியார் போனில், "லட்சுமியை விக்காதே" என்றார். நாங்கள் அதைக் காசு கொடுத்துத் தனியார் இடத்தில் நிறுத்தி வைத்தோம். திரும்பி வந்தபோது பேட்டரி செத்து, டயர் ஒரு பக்கம் தட்டையாகி, எலி வயரைக் கடித்து வைத்திருந்தது. பழுது பார்த்த செலவுக்குப் பிறகு விற்றதில், போகும் முன்பே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் பாதிகூடத் தேறவில்லை. உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். நிறுத்துமிடம் மாதம் 80 டாலர் என்று வைத்தாலே 36 மாதத்துக்கு 2,880 டாலர். இன்ஷூரன்ஸைக் குறைத்து மாதம் 30 என்றால் இன்னொரு 1,080. மூன்று வருடத்தில் காரின் விலையும் இறங்கியிருக்கும்.

அண்ணன் வீட்டில் சும்மாதானே நிற்கும் என்பீர்கள். சும்மா நிற்காது, தங்கச்சி. ஒரு நாள் அண்ணன் கார் பழுதாகும், இதை எடுப்பார். அப்புறம் அவர் பையன் ஓட்டப் பழகுவான். தப்பே இல்லை, குடும்பம்தான். ஆனால் டைட்டிலில் பெயர் உங்களுடையது. வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்பது இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருந்து ஒரு விபத்து நடந்தால், அவர்கள் கைவிரிக்கலாம். வழக்கு உங்களைத் தேடி ஜெர்மனிக்கு வரும். அதைவிட, அண்ணனோடு இருக்கும் உறவு அந்தக் காரைவிடப் பெரியது. அண்ணனுக்கே கார் தேவையென்றால் அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்; பரிசாகவோ குறைந்த விலைக்கோ உங்கள் விருப்பம். இன்ஷூரன்ஸும் அவர் பெயரில் இருக்கட்டும். காரைப் பிரிய மனமில்லை என்றால் அதுதான் நல்ல வழி.

வெளியில் விற்பதானால், நார்த் கரோலினா டைட்டிலில் கையெழுத்து நோட்டரி முன்னால் போட வேண்டும். முகாமின் சட்ட உதவி அலுவலகத்தில் நோட்டரி இலவசம். கணவர் முன்னால் கிளம்பி நீங்கள் பின்னால் போவதாக இருந்தால், விஐஎன் எண்ணைக் குறிப்பிட்டு இந்தக் காரை விற்கவென்றே ஒரு பவர் ஆஃப் அட்டர்னி அவரிடம் எழுதி வாங்குங்கள். டைட்டிலில் அவர் பெயர் மட்டும் இருந்தால் அது இல்லாமல் உங்களால் விற்க முடியாது. விற்றதும் நம்பர் பிளேட்டைக் கழற்றி, வண்டிப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் ஒப்படைத்துவிட்டு அப்புறம்தான் இன்ஷூரன்ஸை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் அந்த மாநிலத்தில் அபராதம் வரும்.

கடைசி வாரத்தில் யாருமே வாங்காவிட்டால் என்ன செய்வது என்று பயம் வரும். அதற்காகக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டீலரிடம் போய் விலை கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். நேரடியாக விற்பதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள், ஆனால் ஆள் கிடைக்காவிட்டால் போகும் இடம் தெரிந்திருக்கும். முகாமுக்குப் புதிதாக வரும் குடும்பங்கள் நல்ல பழைய சிவிக்கை விரும்பி வாங்குவார்கள். பணம் இன்று, சாவி விமானத்துக்கு முந்தின நாள் என்று பேசிக்கொண்டால், அதற்குள் ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்பதை எழுதி வையுங்கள்.

விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவையுங்கள். கணவர் வேலைக்குப் போனால் வீட்டில் ஒரு வண்டி வேண்டும். கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் அமெரிக்க ராணுவக் குடும்பங்கள் மிகுதி என்பதால் ஊர் திரும்புகிறவர்கள் விற்கும் சின்னக் கார்கள் எப்போதும் கிடைக்கும். பழைய டீசல் வேண்டாம், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களின் உள்பகுதிக்குள் போக முடியாமல் ஆகலாம். வாங்கும்போதும் பிறகு விற்கும்போதும் நம்மைப் போல ராணுவ அடையாள அட்டை உள்ளவர்களோடு வைத்துக்கொள்வதே சுலபம். வரியில்லாமல் வந்த வண்டியை ஜெர்மானியருக்கு விற்றால் சுங்க வேலை சேர்ந்துகொள்ளும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹைலேண்டருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஆர்டர் நகலை இணைத்து, வண்டியை ஜெர்மனிக்குக் கொண்டுபோகச் சம்மதக் கடிதம் கேட்டு எழுதுங்கள். பதில் வரும் வரை சிவிக்கை விற்கப்போவதாக யாரிடமும் சொல்ல வேண்டாம். அவர்கள் மறுத்து, கடனையும் மாற்ற முடியாமல் போனால், கப்பலேற வேண்டியது அந்தச் சிவிக்காகவே இருக்கலாம்.